ஆடி மாதத்திற் கமக்கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் உழைப்பிற் குறைந்தவரல்லர். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நிலத்திற் சுண்ணாம்புக் கல்லை உடைத்துக் கிணறு தோண்டி, குழை தாழ்த்தி, பட்டி அடைத்து, பாத்தி பாத்தியாக நீர் பாய்ச்சி மரக்கறியும் வெங்காயமும் மிளகாயும் விளைவிப்பவர் அவர். ஆயினும், "சென்ற போகத்தில் வெங்காயத்தால் எவ்வளவு கிடைத்தது?" என்று கேட்டால் அவர்களுட் பலர் விற்ற விலையைக் கூறுவர், கிண்டிய நிறையைக் கூறுவர், செலவெல்லாம் போகக் கையில் எஞ்சியது எவ்வளவு என்பதைக் கூறார். மறைப்பதனால் அன்று, அவருக்கே அது தெரியாது.

சந்தியிற் சில்லறைக் கடை வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது கடையைப் பூட்டி இருப்புக் கணக்கு எடுக்கிறார். எந்தச் சாமான் விலைப்படுகிறது, எது தூசி படிந்து கிடக்கிறது, எவருக்குக் கொடுத்த கடன் திரும்பவில்லை என்பவற்றைப் பார்த்து, அடுத்த ஆண்டு எதை வாங்குவது, எதை விடுவது என்று தீர்மானிக்கிறார். எட்டுப் பரப்புத் தோட்டமும் சிறிது வயலும் செய்யும் கமக்காரரின் கையாற் புரளும் பணம் அக்கடைக்காரரின் பணத்திலும் பெரிதும் குறைந்ததன்று. அவர் நடத்துவதும் ஒரு சிறு வியாபாரமே. ஆனால் அவர் தம் கமத்தை அவ்வாறு நிறுத்திப் பார்ப்பது அரிது. தந்தையார் நட்ட பயிரை, தந்தையார் நட்ட துண்டில், அயலவர் நடும் கிழமையில் நட்டு விடுகிறார்.

இவ்வாராய்ச்சிக்கு உகந்த காலம் ஆடி மாதம். சித்திரை, வைகாசியிற் செய்த தோட்டப் பயிர்களுட் பல அப்பொழுது ஓய்ந்திருக்கும். ஆவணி பிறந்தாற் காலபோக நெல்லுக்குப் புழுதி உழவு, விதைநெல், உழவு இயந்திரக் கூலி எனச் செலவுகள் அடுத்தடுத்து வரும். வீட்டுப் பெண்களின் காப்பும் சங்கிலியும் அடைவுக்குச் செல்வதும் அந்நாளிலேயே. நகை வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்னரே கணக்குப் பார்க்கப்பட வேண்டும். புறப்பட்ட பின்னர்ப் பார்ப்பதாற் பயன் சிறிது.

கையில் வாராத செலவுகள்

கமக்காரர் செலவென்று எண்ணுவது காசாகக் கொடுத்ததை மட்டுமே. மண்ணெண்ணெய், பசளை, கிருமிநாசினி, கூலி ஆகியன மனத்தில் நிற்கும். காசாகக் கொடாதவை மறந்து போகும். அவற்றுட் பெரியவை மூன்று: வீட்டில் எடுத்து வைத்த விதை, வீட்டார் உழைப்பு, சந்தையிற் பிடிக்கப்படும் கழிவு. இவற்றை விளக்க ஓர் உதாரணம் கீழே தரப்படுகின்றது. இதிலுள்ள எண்கள் கணக்குச் செய்யும் முறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. ஒவ்வொருவரும் தத்தம் எண்களை இட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஒருவர் நான்கு பரப்பிற் சின்ன வெங்காயம் நட்டாரென்க. முன்னைய போகத்திற் கட்டித் தொங்கவிட்டிருந்த 150 கிலோ விதை வெங்காயத்தை நட்டார். உழவுக்கு 4,000 ரூபா, பசளைக்கும் மருந்துக்கும் 18,000 ரூபா, 48 இலீற்றர் மண்ணெண்ணெய்க்கு இலீற்றர் 200 ரூபா வீதம் 9,600 ரூபா, கூலியாள் 12 பேருக்கு 2,500 ரூபா வீதம் 30,000 ரூபா, சந்தைக்கு ஏற்றிச் செல்ல 6,000 ரூபா. கொடுத்த காசு மொத்தம் 67,600 ரூபா. விளைந்தது 1,300 கிலோ. விலை கிலோ 150 ரூபா. சந்தையில் நூற்றுக்குப் பத்துக் கழிவு பிடித்து 1,170 கிலோவுக்கே பணம் எண்ணப்பட்டது. கிடைத்தது 175,500 ரூபா. ஒரு இலட்சத்து ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபா ஆதாயம் என்று அவர் மகிழ்வது இயல்பே.

இனி விட்டவற்றைச் சேர்த்துப் பார்க்க. நட்ட 150 கிலோ விதை வானத்திலிருந்து விழுந்ததன்று. நடுகைக் காலத்தில் விதை வெங்காயம் கிலோ 300 ரூபா விற்றதாயின், அவர் நிலத்திற் புதைத்தது 45,000 ரூபா. அதைக் கழித்தால் எஞ்சுவது 62,900 ரூபா. நடுகை, களை பிடுங்குதல், நீர் மாறுதல், கிண்டுதல், கட்டுதல் ஆகியவற்றிற்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து செலவிட்ட நாட்கள் 40 எனின், ஒரு நாளுக்கு ஏறத்தாழ 1,570 ரூபாவே விழுகின்றது. தம் தோட்டத்திற்கு வந்த கூலியாளுக்கு அவர் கொடுத்தது 2,500 ரூபா. தோட்டத்துச் சொந்தக்காரர் தம் தோட்டத்திலேயே கூலியாளிலும் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்திருக்கிறார். இதில் நிலத்தின் குத்தகை சேரவில்லை. நீரிறைக்கும் இயந்திரத்தின் தேய்வு சேரவில்லை. நகை அடைவு வைத்திருந்தால் அதன் வட்டியும் சேரவில்லை.

கழிவு என்று போன 130 கிலோவின் பெறுமதி 19,500 ரூபா. பசளைக்கும் மருந்துக்கும் கொடுத்ததிலும் இது கூடியது. பசளை விலை ஏறினால் ஊரெல்லாம் பேசும் கமக்காரர், தராசடியில் ஒவ்வொரு முறையும் இழப்பதை எழுதி வைப்பதில்லை. எழுதி வைத்த எண்ணோடு பத்துக் கமக்காரர் கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்குச் சென்றாற் பேச்சு வேறு விதமாக அமையும். வெறும் முறைப்பாடு எவரையும் அசைப்பதில்லை.

மேற்காட்டிய கணக்கிலிருந்து வெங்காயச் செய்கையைக் கைவிட வேண்டும் என்று பொருள் கொள்ளலாகாது. வீட்டார் உழைப்புக்கு வெளியில் வேலை கிடையாத காலமாயின் 1,570 ரூபாவும் வரவே. கணக்குக் காட்டுவது எந்த இடத்திற் பிடித்தால் எவ்வளவு மீளும் என்பதையே. விதை வெங்காயமே பெருஞ்செலவு என்று கண்டவர், உண்மை விதையிலிருந்து நாற்று வளர்த்து நடும் முறையை ஒரு பரப்பிற் பரீட்சித்துப் பார்ப்பார். அதற்கு நாட்கள் கூடுதலாக வேண்டும், நாற்றுமேடையிற் கவனமும் வேண்டும். ஆனால் கொட்டிலிற் காய்ந்தும் அழுகியும் போகும் விதைச் செலவு பெரிதும் குறையும். கணக்கு எழுதாதவருக்கு இந்த யோசனை புத்தகத்தில் உள்ள யோசனையாகவே இருந்துவிடும்.

சிறு காசும் பெருங் காசும்

வேறொரு மயக்கமும் உண்டு. வெங்காயம் ஒரே நாளிற் கட்டுக்கட்டாகப் பணம் தரும். கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும். கத்தரியும் பயற்றையும் கிழமைக்கு இருமுறை சிறு சிறு தொகையாகத் தருவன. அத்தொகை அன்றன்றே மீனுக்கும் சீனிக்கும் பிள்ளைகளின் பஸ் கூலிக்கும் போய்விடும். ஆண்டு முடிவிற் கத்தரி ஒன்றும் தரவில்லை என்றே வீட்டார் கூறுவர். அன்றாட வரவை எழுதிக் கூட்டிப் பார்த்தால், இரண்டு பரப்புக் கத்தரி, செலவு போக 54,000 ரூபாவைத் தந்து, வீட்டாரின் 30 நாள் உழைப்பையே எடுத்திருக்கக் கூடும். அப்படியாயின் நாளுக்கு 1,800 ரூபா. எந்தப் பயிர் பரப்புக்கு எவ்வளவு விளைந்தது என்று மட்டும் பார்ப்பதை விட்டு, எந்தப் பயிர் வீட்டாரின் ஒரு நாள் உழைப்புக்கு எவ்வளவு கொடுத்தது என்று பார்ப்பதே சிறு கமக்காரருக்கு உரிய அளவுகோல். அவரிடம் மிகக் குறைவாக உள்ள பொருள்கள் இரண்டு: ஆட்பலம் ஒன்று, தண்ணீர் மற்றொன்று.

தண்ணீரின் பெறுமதி

துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில், இறைப்பவரின் களைப்பே தண்ணீருக்கு அளவாக இருந்தது. இயந்திரம் வந்த பின்னர் அவ்வளவு அகன்றது. மண்ணெண்ணெய் மலிவாக இருந்த வரையில் எவரும் மணித்தியாலத்தை எண்ணவில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. மேற்கூறிய நான்கு பரப்பு வெங்காயத்துக்கு வேண்டிய 48 இலீற்றர், முன்னர் 4,176 ரூபா. பின்னர் 16,320 ரூபா. எத்தனை முறை இறைக்கிறோம், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் இயந்திரம் ஓடுகிறது என்பவற்றை முன்னரே எழுதி வைத்திருந்தவர், எந்தத் துண்டைக் குறைப்பது, மின்மோட்டருக்கு மாறுவது இலாபமா என்று அன்றே கணக்கிட இயன்றது. ஏனையோருக்குத் துண்டு முழுவதையும் வெறுமையாக விடுவதோ கடன்படுவதோ என்ற இரண்டே வழிகள் தெரிந்தன.

எண்ணெயின் விலையோடு தண்ணீரின் பெறுமதி முடிவதில்லை. குடாநாட்டின் நன்னீர், மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதாகும். அளவுக்கு மேல் இறைத்தால் நன்னீர்ப் படை மெலிந்து உவர் மேலேறும். கடலோரத்துக் கிணறுகள் பல இவ்வாறு கெட்டுள்ளன. உவர் ஏறிய கிணற்றுக்கு ஈடாக வேறொரு கிணற்றைக் கடையில் வாங்க முடியாது. கடைக்காரர் தம் தராசும் அலுமாரியும் தேய்வதற்குக் கணக்கு வைப்பது போலக் கமக்காரர் தம் கிணற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கவேண்டும். பங்குனி முடிவிலும் ஆவணி முடிவிலும் நீர்மட்டத்தைக் கயிற்றால் அளந்து எழுதுவதும், நீரின் சுவை மாறினால் திகதியோடு குறிப்பதும் போதும். பங்குக் கிணறாயின் பங்காளிகள் எல்லோரும் ஒன்றாக இதைச் செய்தல் நன்று. ஒருவர் மிகுதியாக இறைப்பதன் பலன் எல்லோர் தலையிலும் விழும்.

பசளைக் கணக்கையும் இங்கேயே பார்க்கலாம். செம்மண்ணில் நீர் விரைவாக இறங்கும்; அதனோடு நைதரசனும் இறங்கும். வேண்டியதிலும் மேலாக இட்ட யூரியா பயிருக்குச் சேராது நைத்திரேற்றாகக் கிணற்றைச் சேர்கின்றது. குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு; வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அவ்வளவைக் கடந்தவை. பயனற்ற யூரியாவுக்கு ஒருமுறை காசு கொடுத்த வீட்டார், குடிக்க நீர் வாங்க மறுமுறையும் காசு கொடுக்கின்றனர். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால், மண்ணைப் பரிசோதிப்பித்துப் பசளை இடுவது எவ்வளவு மலிவு என்பது தெளிவாகும்.

விலையை நம்பி விரிவு செய்தல்

குடாநாட்டுக் கமக்காரர் செழித்த காலம் ஒன்று இருந்தது. 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசாங்கம் வெளிநாட்டுச் செலாவணி முட்டுப்பாட்டினால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைத் தடுத்தும் குறைத்தும் வைத்தது. விலைகள் உயர்ந்தன. குடாநாட்டிற் கிணறுகள் ஆழமாக்கப்பட்டன, நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகின, கல்வீடுகள் எழுந்தன. வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய குடியேற்றங்களிற் படித்த வாலிபர் மிளகாய் நட்டுப் பொருளீட்டினர். 1977 இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டது. கப்பலில் வந்த மிளகாயோடும் வெங்காயத்தோடும் உள்ளூர் விளைபொருள் போட்டியிட நேர்ந்தது, விலை சரிந்தது. கமக்காரரின் உழைப்போ மண்ணோ கிணறோ ஓராண்டில் மாறவில்லை. மாறியது கொழும்பில் எழுதப்பட்ட ஒரு கட்டளை மட்டுமே.

பின்னரும் இதுவே வேறு வேறு உருவத்தில் நிகழ்ந்தது. ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 2006 ஆகஸ்டில் மூடப்பட்டது. 2009 இற் போர் முடிந்த பின்னர் மீண்டும் திறந்தது. வீதி திறந்தால் யாழ்ப்பாணத்து வெங்காயம் தெற்கே போகும். தம்புள்ளை மரக்கறியும் வடக்கே வரும். 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விதிக்கப்படும் விசேட வியாபாரப் பண்ட அறவீடு இறக்குமதிப் பொருள்களுக்கு ஒரு காலத்தில் ஏற்றப்படும், ஒரு காலத்திற் குறைக்கப்படும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இவற்றுள் எதையும் கமக்காரர் தடுத்திருக்க முடியாது. ஆயினும் ஒன்றை அவர் செய்யலாம்: தம் பயிருக்கு எந்த விலை வரை தாங்கும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்கலாம்.

அதனை அறிவது கடினமன்று. முன்னைய உதாரணத்தில் விதையையும் சேர்த்துச் செலவு 112,600 ரூபா. காசாக எண்ணப்பட்ட நிறை 1,170 கிலோ. முதலாவதை இரண்டாவதாற் பிரித்தால் ஏறத்தாழ 96 ரூபா. அவ்விலைக்குக் கீழே விற்றால் வீட்டார் உழைப்புக்கு ஒரு சதமும் இல்லை, கைமுதலும் கரையும். வீட்டார் உழைப்புக்குக் கூலியாளின் சம்பளத்தையே வைத்துக்கொண்டால் அவ்விலை ஏறத்தாழ 182 ரூபா. இவ்விரு எண்களையும் கொப்பியின் முதற்பக்கத்திற் பெரிதாக எழுதுக. நல்ல விலை வந்த ஆண்டில், அந்த விலை அடுத்த ஆண்டும் வரும் என்று எண்ணி, கடன்பட்டு இரண்டு மடங்கு நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதற்கு முன், விலை கீழெண்ணுக்கு இறங்கினால் அக்கடனை எதனாற் கட்டுவது என்று வீட்டார் கூடிப் பேசவேண்டும். நல்ல விலை கண்ட ஆண்டிற் பெரும்பாலும் அயலவர் அனைவரும் அதே தீர்மானத்தையே எடுத்திருப்பர் என்பதும் நினைவில் இருக்கவேண்டும். எல்லோரும் ஒரே கிழமையில் நட்டு ஒரே கிழமையிற் கிண்டினால் தரகருக்கே கொண்டாட்டம்.

நெல்லின் கணக்கு

தோட்டக் கணக்கு எழுதுவோரும் நெல்லுக்கு எழுதுவதில்லை. "வீட்டுச் சாப்பாட்டுக்குத்தானே" என்பர். குடாநாட்டு நெல் பெரும்பாலும் மாரி மழையை நம்பியது. இரணைமடுவின் கீழ் உள்ளது போன்ற வாய்க்கால் நீர் இங்கில்லை. விளைச்சல் குறைவு, ஆபத்து மிகுதி. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தில் நின்ற பயிர் அழிந்ததை மறந்தவர் இலர். ஆகவே விற்பனைக் கணக்கில் மட்டும் பார்த்தால் நெல் நட்டமாகத் தோன்றலாம். ஆனால் வீட்டில் உண்ட அரிசியைக் கடையில் வாங்கினால் என்ன விலையோ அந்த விலையை வரவில் எழுதவேண்டும். வைக்கோலுக்கும் விலை எழுதவேண்டும்; பசு தரும் பாலும் எருவும் அதனோடு தொடர்புடையன. மொட்டைக்கறுப்பன் போன்ற ஊர் நெல்லின் சிவப்பரிசியைத் தேடி வாங்குவோர் உளர். அதனைத் தனியே குற்றி விற்கும் வீட்டாருக்குக் கணக்கு வேறு. இவையெல்லாம் சேர்ந்த பின்னரும் நட்டமாயின், எல்லா வயலையும் விதைக்காது பள்ளக் காணியை மட்டும் விதைப்பதா, காப்புறுதி செய்வதா என்று யோசிக்க இடமுண்டு.

கொப்பியை எழுதும் முறை

பிள்ளைகள் பாவிக்கும் அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பக்கம். தலைப்பில் துண்டின் பெயர், பரப்பு, பயிர், நட்ட திகதி. இடப்பக்கத்திற் செலவு, வலப்பக்கத்தில் வரவு. கூலியாள் நாளும் வீட்டார் நாளும் வெவ்வேறாக. இறைப்புக்கு மணித்தியாலம். சந்தையில் நிறுத்த நிறை, கழித்த நிறை, பணம் எண்ணிய நிறை மூன்றும். கடைசியில் ஒரு தனிப் பக்கம் வீட்டுக்கு எடுத்த பணத்துக்கு; கலியாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் எடுத்தது தோட்டத்தின் நட்டமாகாது, தோட்டத்துக்காக வைத்த அடைவின் வட்டி வீட்டுச் செலவாகாது. இவை இரண்டும் கலந்து கிடப்பதே கணக்குத் தெரியாமற் போவதற்குப் பெருங் காரணம். எழுதும் பொறுப்பைப் பள்ளிக்கூடம் போகும் மகளிடமோ மகனிடமோ கொடுக்கலாம். இரவுச் சாப்பாட்டின் பின் ஐந்து நிமிடம் போதும். உண்மையில், பல வீடுகளில் விதை எவ்வளவு இருந்தது, கூலி எவருக்குக் கொடுத்தது என்பதைக் கமக்காரரிலும் அவர் மனைவியாரே திருத்தமாக அறிவார்.

முதலாண்டில் எல்லாத் துண்டுக்கும் எழுத இயலாவிடின் ஒரு பயிருக்கு மட்டும் எழுதலாம். பணம் மிகுதியாகச் செலவாகும் பயிரையே தெரிந்தெடுத்தல் நன்று. அக்கொப்பியுடன் ஆடி மாதத்தில் அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்துக்குச் சென்றால், விவசாயப் போதனாசிரியர் பயிரை மாற்றுவது பற்றியும் பசளை அளவு பற்றியும் அத்துண்டுக்கு உரிய எண்களைக் கொண்டே பேசுவார். மண் பரிசோதனைக்கு மாதிரி கொண்டு வருவோர், காலபோகப் பசளை இடுமுன் பெறுபேறு கிடைக்கத்தக்கதாக, ஆடி நடுப்பகுதிக்குள் அதனைக் கொணர்தல் வேண்டும்.